அழகுப் பல் சிகிச்சை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து தை பிறந்ததும் காவிரிப் படுகையில் திருமணக் காலம் தொடங்கிவிடுகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பல் மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களின் கேள்வியும் மாறிவிடுகிறது. “பல் வலிக்கிறது” என்று வருபவர்களோடு, “பல் மஞ்சளாக இருக்கிறது, வெள்ளையாக்க முடியுமா?”, “முன்பல் உடைந்திருக்கிறது, புகைப்படம் எடுப்பதற்குள் சரிசெய்ய முடியுமா?” என்று கேட்பவர்களும் வருகிறார்கள். மணமக்கள் மட்டுமல்ல, பெண்ணின் தந்தை, பையனின் பாட்டி என்று குடும்பமே வருவதும் உண்டு.

இந்த விருப்பத்தில் குறை ஏதும் இல்லை. வாய்விட்டுச் சிரிக்கத் தயங்குபவர், பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்பவர், முன்பல் இல்லாததால் வேலைக்கான நேர்காணலுக்குப் போகவே கூசுபவர் ஆகியோருக்குப் பல் சீரமைப்பு என்பது ஆடம்பரம் அன்று. ஆனால் அழகுச் சிகிச்சைகளில் சில, ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாதவை. சில, அடியில் இருக்கும் நோயை மறைத்துவிடக் கூடியவை. ஆகவே எந்தச் சிகிச்சை எதற்காக, எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில் என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லின் இயல்பான நிறம்

பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் என்னும் கடினமான உறை இருக்கிறது. மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. ஆயினும் எலும்பைப் போல இது வளர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. தேய்ந்தாலும், அறுக்கப்பட்டாலும் போனது போனதுதான். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையுள்ளது. அதன் அடியில் உள்ள டென்டின் என்னும் அடுக்கு இளமஞ்சள் நிறமுடையது. நாம் காணும் பல்லின் நிறம் பெரும்பாலும் இந்த அடுக்கிலிருந்து வருவதே. வயதாக ஆக எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் தடிக்கிறது. அதனால் அறுபது வயதில் பல் சற்று மஞ்சளாகத் தெரிவது இயற்கை. அது அழுக்கும் அன்று, நோயும் அன்று.

ஆரோக்கியமான பல் எதுவும் எழுதும் தாளைப் போல வெண்மையாக இருப்பதில்லை. கண்ணின் வெண்விழியையும் முகத்தின் நிறத்தையும் ஒட்டி அமையும் இளநிறமே பார்ப்பதற்கு இயல்பாக இருக்கும்.

கறை இருவகைப்படும். பல்லின் மேல் படிந்திருப்பது புறக்கறை. வெற்றிலைபாக்கு, புகையிலை, தேநீர், காப்பி, சில வாய்க்கழுவு மருந்துகள் ஆகியவற்றால் வருவது இது. பல்லுக்குள்ளேயே ஊறியிருப்பது உட்கறை. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தாலோ, எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கொடுக்கப்பட்டாலோ, அடிபட்ட பல்லின் உள்ளே நரம்பு இறந்துபோனாலோ இது உண்டாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் பல் பழுப்பேறுவது நெடுங்காலமாக அறியப்பட்ட சிக்கல். காவிரி நீரை அங்கு கொண்டுசெல்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதன் பின்னணியில் இந்தப் பாதிப்பும் இருந்தது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

எந்தக் கறை என்று தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை என்று சொல்ல முடியும். புறக்கறைக்குச் சுத்தம் செய்வதே போதும். உட்கறைக்கு அது பயன் தராது.

வெற்றிலைக் கறைக்கு அடியில் என்ன இருக்கிறது?

நம் பகுதியில் இதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. கும்பகோணம் வெற்றிலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொழுந்து வெற்றிலையும் சீவலும் இல்லாத விருந்தும் விசேஷமும் இங்கே இல்லை. தாம்பூலம் மரியாதையின் அடையாளம். அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் தினமும் பலமுறை மென்று அடக்கிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி மருத்துவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேடு பெரும்பாலும் இலையில் இல்லை, பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கையும், புகையிலை சேர்ந்த தாம்பூலத்தையும், புகையிலை சேராத தாம்பூலத்தையும் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் சீவல்தான்” என்று பலரும் ஆறுதல் கொள்வதுண்டு. அந்த ஆறுதலுக்கு அறிவியல் துணை நிற்கவில்லை. பொட்டலத்தில் வரும் குட்காவும் பான் மசாலாவும் உலர்ந்த பாக்கைச் செறிவாகக் கொண்டவை. தமிழ்நாட்டில் அவற்றின் விற்பனை 2013-இல் தடைசெய்யப்பட்டது.

பாக்கில் உள்ள ஆரிகோலின் என்னும் பொருள், கன்னத்தின் உட்புறத் தசைமேல் இருக்கும் மென்மையான திசுவை நார் நாராக இறுகச் செய்கிறது. சுண்ணாம்பு சேரும்போது இப்பொருள் இன்னும் எளிதாக வெளிப்படுகிறது. முதலில் காரமான குழம்பு வாயில் பட்டால் எரியும். பிறகு கன்னம் வெளுத்துப் பலகைபோல் இறுகும். நாளடைவில் வாய் திறக்கும் அளவு குறையும். ‘வாய் நார்த்திசு இறுக்க நோய்’ என்று இதனைக் கூறலாம். இறுகிய திசு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. பழக்கத்தை நிறுத்தி, வாய்த்திறப்புப் பயிற்சியும் மருந்தும் எடுத்துக்கொண்டால் மேலும் இறுகாமல் காக்கலாம். இந்நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் வாய்ப்புற்றுநோய் வருகிறது என்பதால் ஆண்டுக் கணக்கில் தொடர் கண்காணிப்பு தேவைப்படும்.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு மூன்று விரல்களும் நுழையும். இரண்டு விரலோடு நின்றுவிட்டால் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும்.

பல் அழகுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நேரடியான தொடர்பு உண்டு. வாய் போதிய அளவு திறக்காவிட்டால் பல்லின் அச்சு எடுக்க முடியாது. கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்ய முடியாது. பல் செட்டை உள்ளே நுழைக்கவும் முடியாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. கறையை மட்டும் போக்கிக்கொண்டு திரும்புபவரின் கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ கவனிக்கப்படாமல் போகக் கூடும். ஆகவே பல் வெண்மைக்காக வரும் எவருக்கும் நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கன்னம், அண்ணம், ஈறு எல்லாவற்றையும் முதலில் பார்ப்பது முறை. உங்கள் மருத்துவர் அப்படிப் பார்க்கும்போது, “பல்லைத்தானே காட்ட வந்தோம்” என்று எண்ண வேண்டாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தடவினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் ஒற்றைப் பல், கழுத்தில் கட்டி, விழுங்குவதில் தடை ஆகியவற்றில் எது இருந்தாலும் அழகுச் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு உடனே காட்டுங்கள். வாய்ப்புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. காலம் கடந்தால் தாடை எலும்பையே இழக்க நேரிடலாம்.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

“பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கொடுக்கும், இடைவெளி விழும்” என்ற அச்சம் கிராமத்திலும் நகரத்திலும் ஒரேபோல் இருக்கிறது. இதற்கு விளக்கம் தேவை.

பல்லின் மேல் நாள்தோறும் படியும் மென்மையான படலம் அகற்றப்படாவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக்கொண்டு காரைபோல் இறுகுகிறது. வெற்றிலை போடுபவர்களுக்கு இந்தக் காரை இன்னும் தடிமனாக, கருஞ்சிவப்பாகப் படியும். காரையின் கரடுமுரடான பரப்பில் கிருமிகள் தங்கி ஈற்றை வீங்கச் செய்கின்றன. ஈறு கீழிறங்குகிறது, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. ஈறும் எலும்பும் இருந்த இடத்தைக் காரை அடைத்துக்கொள்கிறது. காரையை எடுத்த பிறகு இடைவெளி தெரிவதற்குக் காரணம் இதுவே. இடைவெளியைச் சுத்தம் செய்தல் உண்டாக்கவில்லை. நோய் முன்பே உண்டாக்கியிருந்ததைக் காரை மறைத்திருந்தது.

மேட்டூர் அணை திறக்கும் முன் வாய்க்கால்களைத் தூர் வாருகிறோம். தூர் வாரியதால் கரை பலவீனமாகிவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். பல்லுக்கும் அதே கணக்குத்தான். சுத்தம் செய்த சில நாள்களுக்குப் பல் கூசலாம். ஈறு வீக்கம் வடிந்து இறுகியதும் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்று சொல்ல வேண்டும்: எலும்பு பெருமளவு கரைந்த பிறகு வருபவருக்குச் சுத்தம் செய்வது நோயை நிறுத்துமே தவிர, போன எலும்பைத் தானாக மீட்டுத் தராது. அதனால்தான் முன்கூட்டியே வருமாறு சொல்கிறோம்.

வெற்றிலைக் கறை, தேநீர்க் கறை உள்ள பலருக்கு இந்தச் சுத்தமும் மெருகும் மட்டுமே போதுமானவை. அதற்குமேல் வெண்மையாக்கும் சிகிச்சைக்குச் செலவிட வேண்டிய தேவையே இராது.

வீட்டு வைத்தியமாகச் செங்கல்தூள், சாம்பல், கரித்தூள், கல்லுப்பு ஆகியவற்றால் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும். தொடக்கத்தில் கறை போனதுபோல் இருக்கும். உண்மையில் எனாமலும் சேர்ந்து தேய்கிறது. எனாமல் மெலிந்தால் அடியில் உள்ள மஞ்சள் நிறம் இன்னும் தெளிவாகத் தெரியும், கூச்சமும் வரும். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசை ஆகியவை நம் நாட்டில் 1992-இலேயே தடைசெய்யப்பட்டவை. புகையிலையால் பல் துலக்கும் பழக்கம் உள்ள மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் அதை நிறுத்த அன்போடு உதவுங்கள்.

வெண்மையாக்கும் சிகிச்சை

பெராக்சைடு வகை மருந்து எனாமலை ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைப்பதே இதன் செயல்முறை. மருத்துவமனையில் அடர்த்தியான மருந்தை ஈற்றில் படாமல் பாதுகாத்து இடுவது ஒரு முறை. பல்லின் அளவுக்குச் செய்த மெல்லிய அச்சில் குறைந்த அடர்த்தி மருந்தை வைத்து வீட்டில் இரண்டு மூன்று வாரங்கள் அணிவது இன்னொரு முறை. இரண்டும் பயனுள்ளவை. அவசரமில்லாதவர்களுக்கு இரண்டாம் முறை மென்மையானது.

சில உண்மைகளை முன்பே அறிந்திருக்க வேண்டும். இந்த மருந்து இயற்கைப் பல்லின் நிறத்தை மட்டுமே மாற்றும். முன்பு அடைத்த பகுதியின் நிறத்தையோ, போட்ட உறையின் நிறத்தையோ மாற்றாது. ஆகவே முன்பல்லில் உறையும் தேவை, வெண்மையும் தேவை என்றால் முதலில் வெண்மையாக்கி, ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, அந்த நிறத்துக்கு ஏற்ப உறை செய்ய வேண்டும். கூச்சம் வருவது இயல்பு, பெரும்பாலும் சில நாள்களில் போய்விடும். சொத்தையோ வெடிப்போ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் தள்ளிப்போடுவது நல்லது. வெண்மை நிரந்தரமன்று. வெற்றிலையும் புகையும் தொடர்ந்தால் சில மாதங்களிலேயே பழைய நிலை திரும்பும்.

உட்கறை ஆழமாக இருந்தால் எனாமலின் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் மெருகிடுதல், பல் நிறப் பசை பூசுதல், முன்பல்லின் முகப்பில் பீங்கான் தகடு ஒட்டுதல் ஆகிய வழிகள் உண்டு. பீங்கான் தகட்டுக்குப் பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டியிருக்கும். அளவு சிறிதுதான். ஆனால் சீவிய பல்லுக்கு வாழ்நாள் முழுவதும் ஏதேனும் ஒரு மூடி தேவைப்படும், அதைச் சில முறை மாற்றவும் நேரிடும். இருபது வயதுப் பெண்ணுக்குத் திருமணத்துக்காக நல்ல பற்களைச் சீவித் தகடு ஒட்டலாமா என்று பெற்றோர் கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் பதில். பல் வரிசை கோணலாக இருப்பதே குறை என்றால் க்ளிப் சிகிச்சை காலம் பிடித்தாலும் பல்லைச் சேதப்படுத்தாமல் சீராக்கும்.

சொத்தையும் உடைந்த பல்லும்

சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைத்தால் போதும். பல் நிறத்தில் உள்ள கூட்டுப்பொருள் பசை இன்று பெரிதும் பயன்படுகிறது. ஃப்ளோரைடு வெளியிடும் அயனோமர் வகை, வேரின் அருகிலும் குழந்தைகளுக்கும் ஏற்றது. பாதரசக் கலவையான வெள்ளி அடைப்பைச் சுற்றுச்சூழல் காரணங்களுக்காக உலக நாடுகள் படிப்படியாகக் குறைத்துவருகின்றன. ஏற்கெனவே உங்கள் பல்லில் நல்ல நிலையில் உள்ள வெள்ளி அடைப்பை அழகுக்காக மட்டும் தோண்டி எடுக்கத் தேவையில்லை.

சொத்தை நரம்புவரை போய்விட்டால் வேர்ச் சிகிச்சை. உள்ளிருக்கும் அழுகிய திசுவை நீக்கி, கிருமி போக்கி, குழாய்போன்ற வேர்ப்பாதையை அடைப்பதே இது. வலி நின்றதும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லின் சிகிச்சை உறை போட்டால்தான் முழுமை பெறும். உறையில்லாத பல், கெட்டியான முறுக்கைக் கடிக்கும் ஒரு நொடியில் பிளந்துவிடலாம். பிளவு வேருக்குப் போய்விட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. செய்த செலவும் வீணாகும்.

உறைகளில் முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், முழுப் பீங்கான், சிர்கோனியா என்று பல வகை. விலை மிகுந்ததே எல்லா இடத்துக்கும் சிறந்தது என்பதில்லை. வெளியே தெரியாத கடைவாய்க்கு உலோக உறை இன்றும் உறுதியானது. முன்பல்லுக்கு ஒளி ஊடுருவும் பீங்கான் இயல்பாகப் பொருந்தும். பற்களை இரவில் நறநறவென்று கடிப்பவர், பாக்கு மெல்பவர் ஆகியோருக்குத் தேர்வு மாறும். இவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இழந்த பல்லுக்கு மூன்று வழிகள்

பல் போன இடத்தை நெடுநாள் அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்கின்றன, எதிர்ப்பல் நீள்கிறது, எலும்பும் மெலிகிறது. ஈடு செய்ய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட். செலவு குறைவு, அறுவை இல்லை. பழகச் சில வாரங்கள் ஆகும். மேல் தாடைச் செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்கும், கீழ்த் தாடைச் செட் நாக்கின் அசைவில் எளிதில் எழும்பும். இந்த வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

இரண்டாவது, பாலம். இருபுறப் பற்களையும் சீவி, அவற்றின்மேல் உறையிட்டு, நடுவே பொய்ப்பல்லைத் தாங்கச் செய்வது. இரண்டு மூன்று வாரத்தில் முடியும், நிலையாக இருக்கும். ஆனால் நல்ல பற்களைச் சீவுவது இதன் விலை. தாங்கும் பற்களின் ஈறு வலுவாக இருந்தால்தான் பாலம் நிற்கும்.

மூன்றாவது, எலும்பில் பதிக்கும் டைட்டானிய வேர். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரனேமார்க், 1950-களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒன்றிப்போய்க் கழற்ற முடியாமல் நிற்பதைக் கண்டார். 1965-இல் யஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்தார். லார்சன் 2006-இல் மறையும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பயன்பட்டன. இன்று இம்முறை பரவலாகிவிட்டது. பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை. பற்களே இல்லாத கீழ்த் தாடையில் இரண்டு வேர்களைப் பதித்து அவற்றின்மேல் செட்டைக் கவ்வச் செய்தால், எழும்பும் தொல்லை பெரிதும் தீரும். ஆயினும் எலும்பின் அளவு, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகைப்பழக்கம், பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்தே இது வெற்றி பெறும். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. அதைச் சுற்றிய ஈற்றுக்கும் எலும்புக்கும் நோய் வரும்.

நாதசுவரக் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை

ஆடுதுறை அருகே நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் செய்கிறார்கள், திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறார்கள், ஊர்தோறும் கோயில்களில் வாசிக்கிறார்கள். இக்கலைஞர்களுக்குப் பல் என்பது தொழிற்கருவியின் ஒரு பகுதி. சீவாளியைப் பற்றும் உதடுகளுக்குப் பின்னால் தாங்கு சுவராக நிற்பவை முன்பற்களே. அவற்றின் நீளமோ சாய்வோ தடிமனோ சிறிது மாறினாலும் காற்றின் பிடி மாறியதாக வாசிப்பவர் உணரக்கூடும்.

ஆகவே பற்கள் நன்றாக இருக்கும்போதே அவற்றின் அச்சு மாதிரியை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு பல் உடைந்தாலோ விழுந்தாலோ அதே வடிவில் ஈடு செய்ய அது உதவும். முன்பல் சிகிச்சைக்கு வரும்போது வாத்தியத்தையும் உடன் கொண்டுவாருங்கள். தற்காலிகப் பல்லைப் பொருத்தி, சில நாள் வாசித்துப் பார்த்து, சரி என்று நீங்கள் சொன்ன பிறகே நிரந்தரப் பல்லைச் செய்வது முறை. இயன்றவரை பல்லைப் பிடுங்காமல் காப்பதே உங்களுக்கு முதல் சிகிச்சை.

எப்போது தொடங்க வேண்டும்?

திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு வருபவருக்குச் சுத்தம், மெருகு, சிறிய அடைப்பு ஆகியவற்றைத்தான் நிதானமாகச் செய்ய முடியும். சுத்தம் செய்த பின் ஈறு ஆற ஓரிரு வாரம். வீட்டில் வெண்மையாக்க இரண்டு மூன்று வாரம். வேர்ச் சிகிச்சையும் உறையும் இரண்டு முதல் நான்கு வாரம். டைட்டானிய வேர் எலும்போடு இணைந்து பல் பொருத்தப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். க்ளிப் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு.

தையில் திருமணம் என்றால் ஆடி, ஆவணியிலேயே ஒருமுறை வந்து திட்டம் வகுத்துக்கொள்ளுங்கள். நடவும் அறுவடையும் இருக்கும் வாரங்களை முன்பே சொன்னால் அதற்கேற்ப வருகை நாள்களை அமைக்கலாம். பணம் கைக்கு வருவது அறுவடைக்குப் பின்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். நோயை நிறுத்தும் சிகிச்சையை இப்போது முடித்து, உறை, பாலம் ஆகியவற்றை அறுவடைக்குப் பின் வைத்துக்கொள்வது பலருக்கும் இயலும். தயங்காமல் கேளுங்கள். மொத்தச் செலவையும் கட்டம் கட்டமாக எழுதி வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவுப் பரிசோதனை முடிவை உடன் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் பல் பிடுங்குவதற்காக அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் நிறுத்தாமலேயே பாதுகாப்பாகச் செய்யலாம். நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து உண்டு. இதய வால்வு மாற்றியவர்கள், எலும்புத் தேய்வுக்கோ எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ ஊசி போடுபவர்கள், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆகியோர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமலோ, இதயத்தில் தொற்று ஏற்பட்டோ போகலாம். கர்ப்பிணிகளுக்குத் தேவையான சிகிச்சையை நடு மூன்று மாதங்களில் செய்வது வசதியானது. வலியும் வீக்கமும் இருந்தால் எந்த மாதத்திலும் வரலாம்.

யாரிடம் செல்வது?

சந்தைகளிலும் சாலையோரங்களிலும் “ஒரே நாளில் நிலையான பல்” என்று சொல்லிப் பொய்ப்பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியாலோ பசையாலோ கட்டிவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கழற்ற முடியாத அப்பல்லின் அடியில் உணவு அழுகி, ஈறு புண்ணாகி, தாங்கிய நல்ல பற்களும் ஆடி விழுகின்றன. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர்களின் பதிவை முறைப்படுத்தியது. பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் உள்ளவரிடமே செல்லுங்கள். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

செலவு தடையாக இருந்தால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. பல்கலைக்கழக நகரான சிதம்பரத்தின் பல் மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-இல் திறக்கப்பட்டது. இரண்டும் தஞ்சையிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில்தான் உள்ளன.

உடனிருந்து கவனிப்பவர்களுக்கு

வயதானவர் திடீரென்று சோற்றைக் குழைத்துக் கேட்டால், ஒரு பக்கமாகவே மென்றால், சாப்பாட்டின் அளவைக் குறைத்தால் வாயைத் திறந்து பாருங்கள். முதுமை என்று விட்டுவிடாதீர்கள். பல் செட்டை இரவில் கழற்றி, மென்மையான தூரிகையால் சுத்தம் செய்து, சாதாரண நீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், செட் கோணிவிடும். செட் உராய்ந்து உண்டான புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கவாதத்தால் படுத்திருப்பவருக்கு உணவுக்குப் பின் கன்னத்தின் உட்புறத்தில் தங்கிய பருக்கைகளை விரலில் சுற்றிய ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். வாய் தூய்மையாக இருந்தால் நுரையீரல் தொற்றின் ஆபத்தும் குறைகிறது.

சுருங்கச் சொன்னால் வரிசை இதுதான்: முதலில் வாயில் நோய் இருக்கிறதா என்று பார்த்தல், அடுத்து சொத்தையையும் ஈறு நோயையும் நிறுத்துதல், பிறகு மெல்லும் ஆற்றலை மீட்டல், இறுதியில் நிறமும் வடிவமும். இந்த வரிசையில் செய்தால் அழகு நெடுநாள் நிற்கும். வரிசையை மாற்றினால் அழகும் நிற்காது, பல்லும் நிற்காது. சிகிச்சை எது செய்துகொண்டாலும் ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள். வெற்றிலைபாக்கையும் புகையிலையையும் விட விரும்புபவர்கள் அதை எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்கும் முறையான ஆலோசனையும் மருந்தும் உண்டு.